பனித்தளத்தில் நாற்பது வயதுக் கால்கள்

வாசகர் கேள்வி பதில்

குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு ஐஸ் ஸ்கேற்றிங் பற்றி ஓரிரு கடிதங்கள் வருவது வழக்கம். முன்பெல்லாம் அவை பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டவை. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை தாமே பழக விரும்பும் பெரியவர்கள் எழுதியவை. நானும் 44ஆவது வயதில்தான் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தவன் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. பிள்ளைகளை ஸ்கேற்றிங் வகுப்புக்குக் கூட்டிச் சென்று, கண்ணாடிக்குப் பின்னால் கோப்பிக் குவளையோடு இருந்தே ஏழு வருடங்கள் போய்விட்டன. இந்தக் குளிர்காலம் நானும் பழக விரும்புகிறேன். ஆனால் விழுந்து கையை முறித்துக்கொண்டால் வேலைக்குப் போக முடியாதே என்ற பயம் விடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: உங்கள் பயத்தில் இருந்தே தொடங்கலாம் அம்மா, ஏனெனில் அது நியாயமான பயம். மூன்றடி உயரமுள்ள பிள்ளை விழுவதும் ஐந்தடி உயரமுள்ள பெரியவர் விழுவதும் ஒன்றல்ல. பிள்ளைக்கு நிலம் கிட்ட இருக்கிறது, உடலும் பாரமில்லை, மறுநாள் வேலையும் இல்லை. பெரியவர்கள் விழும்போது கையை முழுதாக நீட்டி உள்ளங்கையை ஊன்றப் பார்ப்பார்கள்; உடலின் முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். தொடக்கநிலையில் மணிக்கட்டு முறிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன. ஆகவே ஓடப் பழகுமுன் விழப் பழகவேண்டும். சமநிலை குலைவதை உணர்ந்ததும் முழங்காலை மடித்துக் குந்துவதுபோல் உடலைத் தாழ்த்தி, இடுப்பின் பக்கவாட்டுச் சதைப்பகுதி முதலில் படும்படி ஒரு பக்கமாகச் சரியவேண்டும். நாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் பின்மண்டை அடிபடாது. விழுந்த பின் கைவிரல்களை மூடிக்கொள்ளுங்கள், மற்றவர்களின் சப்பாத்துக்கு அடியிலுள்ள கத்திகள் அருகால் போகும். எழும்பும்போது முதலில் நான்கு காலில் நின்று, ஒரு பாதத்தை முன்னே வைத்து, இரண்டு கைகளையும் அந்த முழங்காலில் ஊன்றி நிமிரவேண்டும். இதை வீட்டுக் கம்பளத்தில், சப்பாத்து இல்லாமல், இருபது தடவை செய்து பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்தது நிற்கும் முறை. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு உடலை நிமிர்த்தி விறைப்பாக நிற்பதுதான் எல்லாப் பெரியவர்களும் முதல் நாளில் செய்வது. நிமிர்ந்து நிற்பவரின் பாரம் குதிக்காலுக்குப் போகும். குதிக்காலில் பாரம் ஏறினால் கத்தி முன்னே ஓடிவிடும். ஆள் பின்பக்கமாக விழுவார். முழங்கால்களை நன்றாக மடித்து, கைகளை இடுப்பளவில் சற்று முன்னே விரித்து, பாரத்தைப் பாதத்தின் நடுப்பகுதியில் வைத்திருங்கள். கண் பனியைப் பார்க்கக் கூடாது. ஊரில் சைக்கிள் பழகிய காலத்தில் முன்சில்லைப் பார்த்தவர்கள் எல்லாம் வேலிக்குள் போனார்கள், தூரத்தைப் பார்த்தவர்கள் றோட்டில் போனார்கள் அல்லவா, இங்கேயும் அதே கதைதான்.

மூன்றாவதுதான் எங்களில் பலருக்கு விளங்காமல் மாதக்கணக்கில் கிடப்பது. நாற்பது வருடங்களாக நாங்கள் நடந்து பழகிய கால், முன்னேறுவதற்குப் பின்னோக்கி உதைக்கும். நிலத்தில் உராய்வு இருப்பதால் அது பலிக்கிறது. பனியில் கத்தி தன் நீளவாக்கில் தடையின்றி வழுக்குவதற்கென்றே செய்யப்பட்டிருப்பதால், பின்னோக்கி உதைத்தால் அந்தக் கால் வெறுமனே பின்னால் வழுக்கிப் போகும், நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கத்தியின் அடிப்பகுதி தட்டையானது அன்று. ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்த உலோகத்தின் நடுப்பகுதி நீளவாக்கில் குழிவாகச் சீவப்பட்டு, இரண்டு ஓரங்களும் விளிம்புகளாக நிற்கின்றன. பாதத்தைச் சற்று வெளியே திருப்பி, உள்விளிம்பால் பனியைக் கவ்வி, பக்கவாட்டாகத் தள்ளினால்தான் உடல் முன்னே போகும். இந்த ஒரு விடயம் மூளைக்கு விளங்குவது வேறு, காலுக்கு விளங்குவது வேறு. எனக்கு மூளைக்கு ஒரு நிமிடமும் காலுக்கு ஆறு வாரங்களும் தேவைப்பட்டன.

அதைக் காலுக்கு விளங்கவைக்கப் பயிற்றுநர்கள் கொடுக்கும் மிக நல்ல பயிற்சி ஒன்று உண்டு. இரு குதிக்கால்களையும் ஒட்டிவைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மடித்தபடியே கால்களை விரியவிட்டு, தோளகலத்துக்குச் சற்று அதிகமாக விரிந்ததும் பெருவிரல்களை உள்ளே திருப்பி மீண்டும் சேர்ப்பது. பனியில் விழும் தடத்தைப் பார்த்தால் தேசிக்காய்கள் வரிசையாகக் கிடப்பதுபோல இருக்கும். ஒரு காலையும் தூக்காமலே முன்னேற முடிவதால் பயம் குறைகிறது, விளிம்பின் பிடியும் தெரியவருகிறது. அதே அசைவில் கால்களைச் சேர்க்காமல், குதிக்கால்களை வெளியே அழுத்தி உள்விளிம்புகளால் பனியைச் சுரண்டினால் நின்றுவிடலாம். சப்பாத்தின் ஓரத்தில் தேங்காய்ப்பூப் போல வெண்தூள் சேர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். நிற்கத் தெரியாமல் வேகமாக ஓடப் பழகியவர்களைப் பொதுமக்கள் ஓடும் பொதுநேரங்களில் நிறையக் காணலாம். அவர்கள் நிற்பதற்குச் சுவரை நம்பியிருக்கிறார்கள், சில வேளைகளில் உங்களையும்.

இந்த அளவும் கைவந்த பிறகு ஒற்றைக் காலில் வழுக்குவது, பின்னோக்கிப் போவது, வளைவில் ஒரு காலை மற்றதற்கு மேலாகக் குறுக்கே வைத்து ஓடுவது ஆகியவை வரும். அவற்றைக் கடிதத்தில் படித்துப் பழக முடியாது, ஆசிரியர் வேண்டும்.

தலைக்கவசத்தை விட்டுவிட்டேன். கட்டாயம் அணியுங்கள். சைக்கிள் தலைக்கவசம் பின்மண்டையைப் போதிய அளவு மூடுவதில்லை என்பதால், சிஎஸ்ஏ எனப்படும் கனடியத் தரநிர்ணய முத்திரையுள்ள ஹொக்கித் தலைக்கவசமே பொருத்தம். மணிக்கட்டுக் காப்பும், காற்சட்டைக்கு உள்ளே முழங்கால் காப்பும் போடலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை. எலும்புத் தேய்வு உள்ளவர்களும் இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குமுன் குடும்ப வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கேள்வி: பெரியவர்களுக்கு எங்கே, யாரிடம் பழகலாம்? நகரசபை வகுப்பா, கிளப்பா, தனிப்பயிற்சியா? செலவையும் பார்க்கவேண்டியிருக்கிறது.
— வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் தொடங்குபவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு, முதலில் பெரியவர்களுக்கென்றே நடக்கும் குழு வகுப்பு, பிறகு தேவைப்பட்டால் தனிப்பயிற்சி என்பதுதான். நேரே தனிப்பயிற்சிக்குப் போவது காசு கூடிய வழி மட்டுமல்ல, தன் வயதுக்காரர் நால்வர் விழுந்து எழும்புவதைப் பார்க்கும் ஆறுதலும் அங்கே கிடைக்காது.

ரொறன்ரோ மாநகரசபை உள்ளரங்குகளில் பெரியவர்களுக்கான ஸ்கேற்றிங் வகுப்புகளை நடத்துகிறது. சுற்றியுள்ள நகரசபைகளும் அப்படியே. கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ரொறன்ரோவில் ‘வெல்கம் பொலிசி’ எனப்படும் கட்டணச் சலுகையும் இருக்கிறது. குறை என்னவென்றால், இடங்கள் மிக விரைவாக நிரம்பிவிடும். பதிவு தொடங்கும் காலையில் நேரத்தோடு எழும்பி, கணக்கையும் வகுப்பு எண்ணையும் முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கவேண்டும். அன்று மாலையில் ஆறுதலாகப் பார்ப்போம் என்றிருப்பவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியலே மிஞ்சும்.

இரண்டாவது, ஸ்கேற் கனடா என்ற தேசிய அமைப்பின் கீழுள்ள கிளப்புகள். அவர்களின் தொடக்கநிலைத் திட்டம் ‘கான்ஸ்கேற்’. சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்ற மூன்று பிரிவுகளில் ஆறு படிநிலைகள். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது நாடாவும் சின்னமும் தருவார்கள். பெயரைக் கேட்டால் பிள்ளைகளின் திட்டம் போலத் தோன்றினாலும் அது எந்த வயதுத் தொடக்கநிலையாளருக்கும் பொருந்தும்படி அமைக்கப்பட்டது. பல கிளப்புகள் பெரியவர்களுக்குத் தனி நேரமும் ஒதுக்குகின்றன. ஒரு பயிற்றுநருக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரையறை அங்கே உண்டு. ஐந்தாம் படிநிலையை முடிக்கும்வரை ஹொக்கித் தலைக்கவசம் கட்டாயம். நரைத்த தலை என்பதற்காக விலக்குத் தரமாட்டார்கள். வகுப்பில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் உதவிக்கு நிற்பதைக் கண்டு, இவர்களா எங்களுக்குப் படிப்பிப்பது என்று நினைக்கவேண்டாம். அவர்கள் பயிற்சி பெற்ற உதவியாளர்கள், வகுப்புக்குப் பொறுப்பானவர் வேறொருவர்.

அந்தப் பொறுப்பானவரைப் பற்றித்தான் விசாரிக்கவேண்டும். ஸ்கேற் கனடாவில் பதிவுபெற்ற பயிற்றுநர் என்றால், கனடாவின் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தின்படி பயின்று, முதலுதவிச் சான்றிதழும் பின்னணிச் சோதனையும் பெற்றிருக்கவேண்டும். பதிவு நடப்பு ஆண்டுக்கு உள்ளதா என்று கிளப்பிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குமேல் நான் பதக்கங்களைப் பார்ப்பதில்லை. ரொறன்ரோவின் கிரிக்கெற், ஸ்கேற்றிங், கேர்லிங் கிளப்பில் பிரயன் ஓர்சர் பயிற்றுவித்த யூனா கிம்மும் யூசுரு ஹன்யூவும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள் என்பது எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் உங்களுக்குத் தேவையானவர் நான்கு சுழற்சிப் பாய்ச்சலைத் திருத்துபவர் அல்லர், நாற்பத்தைந்து வயது முழங்கால் ஏன் மடியமாட்டேன் என்கிறது என்று கண்டுபிடிப்பவர். ஆகவே கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இப்போது உங்களிடம் எத்தனை பெரியவர்கள் தொடக்கநிலையில் பழகுகிறார்கள்?’ என்பதே. இரண்டாவது, ஒரு வகுப்பைப் பார்வையாளராக இருந்து பார்க்கலாமா என்பது. பார்க்கும்போது பயிற்றுநர் எவ்வளவு நேரம் பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு நேரம் அசைகிறார்கள், ஒருவர் விழுந்தால் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளைக்குச் செய்து காட்டினாலே போதும், பார்த்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவருக்குச் செய்தும் காட்டவேண்டும், ஏன் என்றும் சொல்லவேண்டும். காரணம் தெரியாமல் எங்கள் உடல் ஒன்றையும் நம்புவதில்லை.

தனிப்பயிற்சி பெரும்பாலும் 15, 20 அல்லது 30 நிமிடப் பாடங்களாக நடக்கும். அங்கே கட்டணம் ஒன்றல்ல என்பதைப் பலர் பிறகுதான் அறிகிறார்கள். பயிற்றுநரின் கட்டணம் வேறு, பனித்தளத்துக்கான கட்டணம் வேறு, கிளப்பின் அங்கத்துவமும் ஸ்கேற் கனடாவின் ஆண்டுப் பதிவும் வேறு. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும்படி முன்னரே கேளுங்கள். பொதுமக்கள் ஓடும் நேரத்தில் காசுக்குப் படிப்பிப்பதைப் பல அரங்குகள் அனுமதிப்பதில்லை. ‘பொதுநேரத்தில் வாருங்கள், மலிவாகச் சொல்லித் தருகிறேன்’ என்பவரிடம் போனால், நடுவில் இருவரையும் வெளியே அனுப்பினாலும் ஆச்சரியப்படக் கூடாது.

வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள் என்றால் இன்னொரு நாள் நீங்களாகப் போய் ஓடவேண்டும், இல்லையேல் ஒவ்வொரு வாரமும் முதல் வகுப்பாகவே இருக்கும். ரொறன்ரோவில் நவம்பர் கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை 50க்கும் மேற்பட்ட வெளிப்புறப் பனித்தளங்கள் இலவசமாகத் திறந்திருக்கும். ஸ்காபரோ நகர மண்டபத்தின் அல்பேர்ட் கம்பல் சதுக்கத்திலும் ஒன்று உண்டு. கிழமை நாட்களின் பகல்வேளைதான் தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. சனிக்கிழமை பிற்பகலில் போனால் ஓடுவதைவிட விலகுவதில்தான் நேரம் போகும்.

கேள்வி: எந்தச் சப்பாத்து வாங்குவது? ஹொக்கியா, ஃபிகரா? கணவர் ஹொக்கிதான் நல்லது என்கிறார். வாடகைச் சப்பாத்தில் கணுக்கால் உள்ளே சாய்கிறது. எனக்குக் கணுக்கால் பலவீனமோ?
— வாசகி ஒருவர், பிரம்டன்

பதில்: கணுக்கால் பலவீனம் என்று தன்னைத் தானே குற்றம் சொல்பவர்களில் பெரும்பாலோரின் குற்றம் சப்பாத்தினுடையது. பலர் போட்டுத் தளர்ந்த வாடகைச் சப்பாத்து, அதுவும் ஒரு அளவு பெரியது, அதற்குள் இரண்டு சோடி தடித்த காலுறை. இப்படியிருந்தால் யாருடைய கணுக்காலும் சாயும். ஸ்கேற்றிங் சப்பாத்து சாதாரணச் சப்பாத்தைவிட அரை அளவிலிருந்து ஒன்றரை அளவு வரை சிறியதாக அமைவது வழக்கம். மெல்லிய காலுறை ஒன்றே போதும். குதிக்காலைப் பின்னே தட்டி இருத்தி, விரற்பகுதியில் நாடாவை இளக்கமாகவும், பாதத்தின் வளைவிலும் கணுக்கால் மடியும் இடத்திலும் இறுக்கமாகவும், மேலே மீண்டும் சற்று இளக்கமாகவும் கட்டுங்கள். மேலேயும் இறுக்கினால் முழங்காலை மடிக்க முடியாது.

பாய்ச்சலும் சுழற்சியும் செய்யும் ஃபிகர் ஸ்கேற்றிங்குக்கான சப்பாத்தின் கத்தி நீளமானது, பின்பக்கம் தட்டையாக நீண்டிருக்கும், முன்னே பற்கள் இருக்கும். ஹொக்கிக் கத்தி மெல்லியது, இரு முனைகளிலும் வளைந்து மேலே எழுவது, பற்கள் இல்லாதது. பின்னால் சாயும் பழக்கமுள்ள பெரியவர்களை ஹொக்கிக் கத்தி முதல் நாளே மல்லாத்திவிடும். ஃபிகர் கத்தியில் பற்களை ஊன்றித் தள்ளும் பழக்கம் வந்தால் முகம் குப்புற விழ நேரும். மகனோடு ஹொக்கி விளையாடுவது உங்கள் நோக்கம் என்றால் கணவர் சொல்வது சரி. இல்லையென்றால் ஃபிகர் எடுங்கள் என்பதே என் கருத்து. வீட்டில் இதனால் வரும் சச்சரவுக்கு இந்தப் பத்தி பொறுப்பல்ல.

புதிதாக வாங்கினால், ஓடுமுன் சாணை பிடிக்கவேண்டுமா என்று கடையிலேயே கேளுங்கள். பல கத்திகள் சரியாகக் கூராக்கப்படாமலே வருகின்றன. கூரில்லாத கத்தி விளிம்பால் கவ்வாது, நீங்களோ உங்களுக்குத் திறமையில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓடி முடிந்ததும் துணியால் ஈரத்தைத் துடைத்து, துணியுறை போட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் உறை அரங்கில் நடப்பதற்கு மட்டுமே. அதற்குள் வைத்து மூடினால் அடுத்த கிழமை துரு பிடித்திருக்கும்.

கேள்வி: ஒரு பயிற்றுநரிடம் நான்கு மாதங்களாகத் தனிப்பயிற்சி எடுக்கிறேன். பாட நேரத்தில் பாதி, தன் போட்டி மாணவிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்பதைத் தவிர வேறு சொல்வதில்லை. நான் இன்னும் தடுப்புச் சுவரை விட்டு அதிக தூரம் போகவில்லை. மாறலாமா?
— வாசகர் ஒருவர், மிசிசாகா

பதில்: மாறலாம், ஆனால் முறையாக. எங்கள் ஆட்கள் இப்படியான இடத்தில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கிழமை போகாமல் விட்டுவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் அது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். மற்றப் பயிற்றுநர்களும் உங்களை ஏற்கத் தயங்குவார்கள். முதலில் அவரிடமே, ‘அடுத்த ஆறு பாடங்களில் எதைச் செய்ய முடியவேண்டும் என்று எனக்கு எழுதித் தர முடியுமா?’ என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் உடனே தருவார். சிலர் பெரியவர்களை மனம் நோகச் செய்யக் கூடாது என்பதற்காகவே திருத்தாமல் விடுகிறார்கள். ‘பிழையைப் பிழை என்றே சொல்லுங்கள்’ என்று ஒரு தடவை சொன்ன பிறகு மாறியவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படியும் மாறாவிட்டால், இருக்கும் பாக்கியைத் தீர்த்து, நன்றி சொல்லி, அதன் பின்பே அடுத்தவரிடம் பேசுங்கள்.

நான்கு மாதங்களில் சுவரை விட முடியாதது முழுவதும் அவருடைய குறையாகவும் இருக்க வேண்டியதில்லை. வகுப்பில்லாத நாட்களில் ஓடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: அடுத்த வருடம் படிப்புக்காகக் கனடா போகிறேன். அதற்குள் சென்னையில் ரோலர் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டால் உதவுமா?
— வாசகர் ஒருவர், சென்னை

பதில்: ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள இன்லைன் வகை நன்றாக உதவும். பக்கவாட்டாகத் தள்ளுவதும் ஒற்றைக் காலில் சமநிலையும் அப்படியே கைகொடுக்கும். ஓட்டத்தை நிறுத்தும் முறை மட்டும் உதவாது. சக்கரம் தரையைச் சுரண்டாது. வந்த முதல் நாளில், ஓடத் தெரியும் என்ற துணிவில் வேகமெடுக்காமல் நிறுத்தும் முறையை மட்டும் பழகுங்கள். உண்மையான பனியை இந்தியாவிலேயே பார்க்க ஆசையிருந்தால், சிம்லாவில் 1920 முதல் இயற்கையான குளிரில் உறையும் திறந்தவெளித் தளம் ஒன்று இருக்கிறது, அதற்கும் குளிர்காலத்தில்தான் போகவேண்டும்.

கேள்வி: எனக்கு 62 வயது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும், வேறு ஆசையில்லை. காலம் கடந்துவிட்டதா?
— வாசகர் ஒருவர், ஏஜக்ஸ்

பதில்: ஜேர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப் என்ற மலையூரில் சர்வதேச ஸ்கேற்றிங் ஒன்றியத்தின் பெரியவர்களுக்கான போட்டி நடக்கிறது ஐயா. 28 வயதுக்கு மேற்பட்டவர்களே அதில் கலந்துகொள்ளலாம். 58 முதல் 68 வரை ஒரு பிரிவும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு வேறு பிரிவுகளும் உண்டு. உங்கள் ஆசை அதைவிட மிகச் சிறியது.

வைத்தியரிடம் கேட்டுவிட்டு, மேலே சொன்னபடி விழுவதையும் எழும்புவதையும் கம்பளத்தில் பழகுங்கள். பல் துலக்கும்போது காலைக்கு ஒரு காலிலும் மாலைக்கு மற்றக் காலிலுமாக நில்லுங்கள். கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள். ஒரு மாதம் இதைச் செய்த பின் பெரியவர்களுக்கான வகுப்பொன்றில் சேரலாம். பேத்தியின் கையைப் பிடிப்பது மட்டும் கடைசியாக இருக்கட்டும், ஏனெனில் நீங்கள் விழுந்தால் பிள்ளையும் சேர்ந்து விழும். நீங்களாக மூன்று சுற்று, சுவரைத் தொடாமல், சொன்ன இடத்தில் நின்று காட்ட முடிந்த பிறகு பிடியுங்கள். அப்போதும் விரல்களைக் கோத்துக்கொள்ளாமல், வேண்டியபோது இருவரும் விட்டுவிடக்கூடியதாக, உங்கள் உள்ளங்கையின் மேல் பேத்தி தன் கையை வைக்கும்படி பிடிக்கவேண்டும். பெரும்பாலான அரங்குகளில் எல்லோரும் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவார்கள் என்பதால், பேத்தியை உங்கள் வலப்பக்கத்தில், சுவரோரமாக வைத்துக்கொள்ளுங்கள்.